இரத்த ஓட்டத்தின் சாட்சியம்: மார்பகக் கட்டிகளும் காண்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ.யும்

மார்பகத்தில் கட்டி தட்டுப்படுகிறது என்று மருத்துவரிடம் வரும் பெண்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஃபைப்ரோஅடினோமா, நீர்க்கட்டி, பால் நாள வீக்கம், பழைய அடியின் வடு என்று ஏதோ ஒன்றாக இருக்கும். சிலருக்கு மட்டும் அது புற்றுநோய். அந்தச் சிலரைத் தவறவிடாமல் பிரித்தெடுக்கத்தான் இத்தனை கருவிகள். மேமோகிராம் திசுவின் அடர்த்தியையும் சுண்ணாம்புத் துகள்களையும் காட்டுகிறது. அல்ட்ராசவுண்ட், கட்டி திடமா நீரா, அதன் விளிம்பு எப்படி என்று காட்டுகிறது. காண்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுக்கும் எம்.ஆர்.ஐ. விசாரிப்பது வேறு: இந்தக் கட்டிக்குள் இரத்தம் எவ்வளவு வேகமாக வருகிறது, எப்படிக் கசிகிறது, எப்போது வெளியேறுகிறது?

நாற்பது ஆண்டுகளாக இதைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கையில் எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது. மறைந்திருக்கும் புற்றுநோயைக் கண்டுபிடிப்பதில் மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் இதற்கு ஈடாகவில்லை. கண்டதைத் தரம்பிரிப்பதில் இதன் கை அவ்வளவு ஓங்கியதில்லை. தரம்பிரிக்கும்போதும் கட்டியின் வடிவமே முதல் சாட்சி, ஒளிர்வின் வளைகோடு அதற்கு அடுத்த சாட்சி. இந்த வரிசையை மாற்றி வாசித்தால் தேவையில்லாத பயமும் வரும், அதைவிட ஆபத்தான பொய்யான நிம்மதியும் வரும்.

கதை 1971இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ரேமண்ட் டமாடியன், எலிகளின் புற்றுத் திசு காந்த அதிர்வுக்குப் பிறகு ஓய்வுநிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம் சாதாரணத் திசுவின் நேரத்திலிருந்து வேறுபடுகிறது என்று 'சயின்ஸ்' இதழில் எழுதினார். அதே ஆண்டில் ஜூடா ஃபோக்மன், புற்றுக்கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமானால் புதிய இரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொண்டே ஆகவேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். இரண்டும் தனித்தனி வழியில் வந்த ஆய்வுகள். மார்பக எம்.ஆர்.ஐ. முதலில் டமாடியனின் வழியில் போய் முட்டி நின்றது. பிறகு ஃபோக்மனின் வழியில்தான் அதற்குப் பாதை கிடைத்தது.

1980களின் தொடக்கத்தில் ஊசி எதுவும் போடாமல் மார்பகத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தவர்கள், ஓய்வுநேர அளவுகளே நல்ல கட்டியையும் கெட்ட கட்டியையும் பிரித்துக் காட்டிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. நீர் மிகுந்த ஃபைப்ரோஅடினோமாவும் செல் மிகுந்த புற்றும் ஒரே அளவைக் காட்டின, நார் மிகுந்த புற்று சாதாரண சுரப்பித் திசுவோடு கலந்து காணாமல் போனது. இந்தத் தேக்கத்தை உடைத்தவர் ஜெர்மனியின் மியூனிக்கில் பணியாற்றிய சில்வியா ஹேவாங். கடோலினியம்–டிடிபிஏ என்ற காண்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் செலுத்தி மார்பகத்தைப் படமெடுத்து, 1986இல் முடிவுகளை வெளியிட்டார். புற்றுக்கட்டிகள் ஒளிர்ந்தன. ஒளிர்வது புற்று, ஒளிராதது புற்றில்லை என்று அத்தனை எளிதாக முடிந்துவிடும்போல் தோன்றியது. ஆனால் இளம்பெண்களின் ஃபைப்ரோஅடினோமாக்களும் ஒளிர்ந்தன. ஒளிராததைப் பற்றிய பாதி ஓரளவு நிலைத்தது, ஒளிர்வதைப் பற்றிய பாதி உடைந்தது. அடுத்த எல்லா ஆய்வும் அந்த உடைந்த பாதியைச் சரிசெய்யும் முயற்சிதான்.

ஏன் ஒளிர்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் ஏன் ஏமாற்றுகிறது என்பதும் விளங்கும். புற்றுச்செல்கள் இரத்தக்குழாய் வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன. அவசரத்தில் முளைக்கும் அந்தக் குழாய்களின் சுவரில் இடைவெளிகள் இருக்கும், தமனியும் சிரையும் நடுவில் நுண்குழாய் இல்லாமலே நேராக இணைந்திருக்கும் இடங்களும் உண்டு. ஊசியில் போன கடோலினியம் மூலக்கூறு சிறியது. சுவரின் ஓட்டை வழியே செல்களுக்கு இடைப்பட்ட வெளியில் கசிந்து, அங்கிருக்கும் நீரின் ஓய்வு நேரத்தைக் குறைக்கிறது. படத்தில் அந்த இடம் வெளுக்கிறது. குழாய்கள் ஏராளம், கசிவு அதிகம், கட்டியில் இடம் குறைவு என்றால் மருந்து சட்டென்று நிறைந்து சட்டென்று இரத்தத்துக்கே திரும்பிவிடும். ஃபைப்ரோஅடினோமாவில் பெரும்பாலும் மருந்து மெதுவாக ஊறி, நின்று, மேலும் ஊறும். ஆனால் குழாய் முளைப்பது புற்றுக்கு மட்டும் உரிய செயலில்லை. ஆறும் புண், வீங்கிய திசு, ஹார்மோன் தூண்டிய சுரப்பி, வளரும் சாதாரணக் கட்டி எல்லாவற்றுக்கும் இரத்தம் வேண்டும். எம்.ஆர்.ஐ. காட்டுவது இரத்தத் தேவையைத்தான். அந்தத் தேவைக்குக் காரணம் என்ன என்பதை நாம்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

பரிசோதனை அறையில் நடப்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல தவறுகள் அங்கேயே விதைக்கப்படுகின்றன. பெண் குப்புறப் படுக்கிறார். மார்பகங்கள் இரண்டும் அவற்றுக்கென்றே செய்த காயிலின் குழிகளில் தொங்குகின்றன. கை நரம்பில் ஊசி ஏற்கெனவே போட்டாயிற்று, குழாய் இன்ஜெக்டரோடு சேர்ந்திருக்கிறது. "அக்கா, மூச்சு சாதாரணமா விடுங்க, உடம்பை மட்டும் அசைக்காதீங்க, கையில சில்லுனு ஏறும், பயப்படாதீங்க" என்று டெக்னீஷியன் மைக்கில் சொல்கிறார். முதலில் மருந்தில்லாத ஒரு தொகுதிப் படம். பிறகு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல் கணக்கில் மருந்து, நொடிக்கு 2 மி.லி. வேகத்தில், பின்னாலேயே 20 மி.லி. உப்புநீர். உடனே படங்கள் தொடர்கின்றன, ஒவ்வொரு தொகுதியும் ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை, ஆறேழு நிமிடம் வரைக்கும். கணினி மருந்துக்குப் பிந்தைய படத்திலிருந்து முந்தைய படத்தைக் கழிக்கிறது. கொழுப்பு மறைந்து, கறுத்த பின்னணியில் ஒளிர்ந்தவை மட்டும் எஞ்சுகின்றன. நடுவில் அவர் ஒரு இருமல் இருமி, மார்பகம் இரண்டு மி.மீ. நகர்ந்திருந்தால் போதும்: கழித்தல் பிசகிப் பொய்யான வெள்ளைக் கோடுகள் தோன்றும், அல்லது உண்மையான ஒரு சிறு புள்ளி அழிந்துபோகும். அதனால் கழித்த படத்தை மட்டும் பார்த்து ரிப்போர்ட் எழுதக் கூடாது, மூலப் படங்களையும் திறந்து பார்த்தாக வேண்டும். மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு நாள் குறிப்பதும் முக்கியம். சுழற்சியின் இரண்டாவது வாரத்தில் சாதாரண சுரப்பித் திசு மிகக் குறைவாக ஒளிரும். நான்காவது வாரத்தில் எடுத்தால் அந்தத் திசுவே ஆங்காங்கே வெளுத்து, கட்டியை மறைக்கவும் செய்யும், கட்டிபோல் நடிக்கவும் செய்யும். அவசரம் இல்லாத பரிசோதனைக்கு இந்தத் தேதியைக் கேட்காமல் நேரம் கொடுப்பது, பரிசோதனையைப் பாதி கெடுத்துவிட்டுத் தொடங்குவதற்குச் சமம்.

இனி வளைகோடு. வேகமாகத் தொடர்ந்து படமெடுக்கலாம் என்பதை ஜெர்மனியின் வெர்னர் கைசர் 1989இல் காட்டினார். எவ்வளவு ஒளிர்கிறது என்பதோடு எப்போது ஒளிர்கிறது என்ற கேள்வியும் அதிலிருந்து சேர்ந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு பான் நகரில் கிறிஸ்டியானே கூல் தலைமையில் வந்த 1999ஆம் ஆண்டு ஆய்வு இன்றும் பாடநூல் மேற்கோள். 266 கட்டிகளின் ஒளிர்வை நேரத்துக்கு எதிராக வரைந்து மூன்று வகையாகப் பிரித்தார்கள். முதல் வகையில் கோடு கடைசிவரை ஏறிக்கொண்டே போகும். இரண்டாவதில் ஏறி, சமமாக நிற்கும். மூன்றாவதில் ஏறி, இறங்கும். தீங்கற்ற கட்டிகளில் 83 சதவீதம் முதல் வகை. புற்றுகளில் 57.4 சதவீதம் மூன்றாம் வகை, 33.6 சதவீதம் இரண்டாம் வகை. தொடக்க ஏற்றத்தின் வேகத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் தனித்தன்மை, அதாவது புற்றில்லாதவரைப் புற்றில்லை என்று சரியாகச் சொல்லும் திறன், 37 சதவீதம்தான். வளைகோட்டின் வடிவத்தை வைத்தால் அது 83 சதவீதத்துக்கு உயர்ந்தது. உணர்திறன், அதாவது புற்றுள்ளவரைப் புற்று என்று சரியாகப் பிடிக்கும் திறன், இரண்டிலும் 91 சதவீதம்.

இந்த எண்கள் பரவிய வேகத்தில், அதே அட்டவணையில் இருந்த இன்னொரு எண்ணைப் பலரும் மறந்தார்கள். புற்றுகளில் 8.9 சதவீதம் முதல் வகைக் கோட்டைக் காட்டின. பதினொரு புற்றில் ஏறத்தாழ ஒன்று, மிகச் சாதுவாக ஏறிக்கொண்டே போகும் கோட்டோடு இருந்தது. 'முதல் வகை வளைகோடு, ஆகவே தீங்கற்றது' என்று ஒரு ரிப்போர்ட் முடிந்தால், அந்தப் பதினொன்றில் ஒருத்திக்கு யார் பதில் சொல்வது? இறங்கும் கோட்டைக் கண்டால் சந்தேகம் வலுக்க வேண்டும். ஏறும் கோட்டைக் கண்டதற்காக வலுவான சந்தேகத்தைக் கைவிடக் கூடாது. ஒரே அளவுகோலின் இரண்டு முனைகளுக்கும் ஒரே எடை கிடையாது.

ஐரோப்பியர்கள் நேரத்தைத் துரத்திக்கொண்டிருந்தபோது அமெரிக்காவில் ஸ்டீவன் ஹார்ம்ஸ் போன்றவர்கள் வேறு பக்கம் போனார்கள். கொழுப்பின் ஒளியை அடக்கி, மெல்லிய வெட்டுகளாக, நேரம் அதிகமானாலும் பரவாயில்லை என்று நுட்பமாகப் படமெடுத்தார்கள். 1990களில் அது ஏறக்குறைய இரண்டு கட்சிகளாகவே இருந்தது, காரணம் கருவியின் எல்லை: வேகம் வேண்டுமானால் நுட்பம் குறையும், நுட்பம் வேண்டுமானால் வேகம் குறையும். கருவிகள் வளர்ந்து இரண்டும் ஓரளவு ஒரே பரிசோதனையில் கிடைத்தபின் சண்டை ஓய்ந்தது. மார்பகப் படங்களை ஒரே சொற்களால் விவரித்துத் தரப்படுத்தும் அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் பை-ராட்ஸ் முறையில் 2003இல் எம்.ஆர்.ஐ.க்கும் இடம் கிடைத்து, 2013 பதிப்பில் அது செம்மையானது. அதில் வடிவச் சொற்கள் நிறைய, வளைகோட்டுச் சொற்கள் கொஞ்சம். அந்த விகிதம் சரியானதே.

வடிவத்தில் என்ன பார்க்கிறோம்? முதலில் விளிம்பு. சுற்றுத் திசுவுக்குள் வேர்போல் கூர்க்கோடுகள் ஓடும் கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். அறுவை வடுவும், ரேடியல் ஸ்கார் என்னும் தீங்கற்ற மாற்றமும் இதே தோற்றத்தைத் தரக்கூடியவை. வழவழப்பான விளிம்பும் நீள்வட்ட வடிவும் ஆறுதல் தரும். ஆனால் ஆறுதல் என்ற அளவில்தான். அடுத்தது உள்ளமைப்பு. ஃபைப்ரோஅடினோமா ஒன்றை நல்ல தரமான படத்தில் நிதானமாகப் பாருங்கள்: நீள்வட்டமாக, ஓரம் சீராக, சற்றே மடல்மடலாக இருக்கும். நீரை வெளுப்பாகக் காட்டும் டி2 படத்தில் பெரும்பாலும் பளிச்சென்று தெரியும். காண்ட்ராஸ்ட் படத்தில் முழுவதும் வெளுத்திருக்க, குறுக்கே மெல்லிய கறுத்த கோடுகள் ஓடும், அவை ஒளிராத நார்த்தடுப்புகள். 1990களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக் குழுவினர் இந்தக் கோடுகளைத் தீங்கற்றதன் அடையாளமாக எடுத்துக்காட்டினார்கள். சீரான விளிம்பும் அந்தக் கோடுகளும் சேர்ந்திருந்தால் எந்த வளைகோட்டையும்விட அவை நம்பத்தக்கவை. படம் மங்கலாக இருந்தால் அவை தெரியவே தெரியாது. இதற்கு எதிர்முனையில் வளைய ஒளிர்வு: ஓரம் மட்டும் வெளுத்து நடு கறுத்திருப்பது. புற்றின் ஓரத்தில் புதுக் குழாய்கள் மண்டி, நடுவில் நாரோ அழுகிய திசுவோ இருப்பதால் வரும் தோற்றம் இது. வீக்கமுற்ற நீர்க்கட்டியும் இதே வளையத்தைக் காட்டும், சீழ்க்கட்டியும் காட்டும், கொழுப்பு அழுகலும் காட்டும். நீர்க்கட்டியை டி2 படம் காட்டிக்கொடுக்கும், கொழுப்பை அதன் மையத்திலிருக்கும் கொழுப்பொளியே காட்டிக்கொடுக்கும். ஆக ஒளிர்வைப் புரிந்துகொள்ள ஊசி போடாத படங்களும் வேண்டும்.

கட்டியாகத் திரளாமல், பால் நாளத்தின் வழியே கோடாகவோ, ஒரு மடலின் வடிவில் முக்கோணமாகவோ படரும் ஒளிர்வு தனி வகை. நாளத்துக்குள் அடங்கிய புற்று, அதாவது டி.சி.ஐ.எஸ்., இப்படித்தான் பெரும்பாலும் வரும். இங்கே வளைகோடு ஏறக்குறைய பயனற்றது. பரவும் அமைப்பையும், உள்ளே கொத்துக்கொத்தாகவோ சிறு வளையங்களாகவோ இருக்கிறதா என்பதையும்தான் பார்க்க வேண்டும். டி.சி.ஐ.எஸ்.ஸை மேமோகிராம் மட்டுமே காணும், எம்.ஆர்.ஐ. தவறவிடும் என்ற பழைய நம்பிக்கையைக் கூல் குழுவின் 2007 'லான்செட்' ஆய்வு அசைத்தது. 7319 பெண்களிடம் நடந்த அந்த ஆய்வில், இரண்டு பரிசோதனையும் செய்துகொண்டு பிறகு டி.சி.ஐ.எஸ். உறுதியானவர்களில் எம்.ஆர்.ஐ. 92 சதவீதத்தையும் மேமோகிராம் 56 சதவீதத்தையும் கண்டறிந்தன. ஒரே மையத்தில், மிகத் தேர்ந்த கண்கள் வாசித்த முடிவு அது என்பதை நினைவில் வைத்துத்தான் அந்த எண்ணை எடுத்துச் சொல்ல வேண்டும். ஆனால் போக்கு மறுக்க முடியாதது.

ஏமாற்றுபவை இருபுறமும் உண்டு. தீங்கற்ற பக்கத்தில் முதலாவது, மார்பகத்துக்குள்ளேயே இருக்கும் நிணநீர் முடிச்சு. நாம் நெறிக்கட்டி என்று சொல்கிறோமே, அதுதான். சட்டென்று ஒளிர்ந்து சட்டென்று இறங்கும், வளைகோட்டை மட்டும் பார்த்தால் அசல் புற்று. அவரைவிதை வடிவமும், நடுவில் கொழுப்புக் குழியும், அருகில் ஓடும் இரத்தக்குழாயும் அதை விடுவிக்கும். இளம்பெண்களின் நீர் மிகுந்த ஃபைப்ரோஅடினோமா, பால் நாளப் பாப்பிலோமா, ஸ்கிளிரோசிங் அடினோசிஸ் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. நம் நாட்டில் தனியாகச் சொல்ல வேண்டியது கிரானுலோமேட்டஸ் மேஸ்டைடிஸ். பிள்ளை பெற்றுப் பால் கொடுத்துச் சில ஆண்டுகளான இளம் தாய்மார்களுக்கு வரும் இந்த நாள்பட்ட அழற்சி, கையில் கல்போல் தட்டுப்படும், தோலை இழுக்கும், எம்.ஆர்.ஐ.யில் மடல் முழுக்கப் படர்ந்து நடுநடுவே வளையங்களாக ஒளிரும். புற்று என்றே தோன்றும். காசநோய் நம்மிடையே இன்னும் இருப்பதால் மார்பகக் காசநோயும் இதே முகத்தோடு வரலாம். இவற்றைப் புற்றிலிருந்து எந்தப் படமும் உறுதியாகப் பிரிக்காது. ஊசியில் எடுத்த திசுதான் பிரிக்கும்.

மறுபக்கம் இன்னும் கவலைக்குரியது, ஏனென்றால் அங்கே ஏமாறினால் சிகிச்சை தள்ளிப்போகும். மியூசினஸ் புற்று பசைநீர் நிறைந்தது. டி2 படத்தில் ஃபைப்ரோஅடினோமாபோல் பளிச்சிடும், மெதுவாக ஏறும் கோட்டைக் காட்டும். லோபுலார் புற்றின் செல்கள் வரிசையாகத் திசுவுக்குள் ஊடுருவுமே தவிரத் திரளாது. அதனால் குழாய் வளர்ச்சி குறைவு, ஒளிர்வும் மந்தம். பிஆர்சிஏ1 மரபணு மாற்றம் உள்ள பெண்களுக்கு வரும் புற்று பலசமயம் உருண்டையாக, ஓரம் சீராக இருக்கும், அல்ட்ராசவுண்டில் ஃபைப்ரோஅடினோமா என்றே எழுதத் தோன்றும். வளைய ஒளிர்வு மட்டும் சந்தேகம் தரும். குடும்பத்தில் அம்மாவுக்கோ சித்திக்கோ நாற்பது வயதுக்குள் மார்பகப் புற்று வந்தது என்ற தகவல் ரேடியாலஜிஸ்ட்டின் மேசைக்கு வராவிட்டால், சீரான விளிம்பு கொண்ட அந்த உருண்டை ஆறுமாதக் கண்காணிப்புக்குப் போய்விடக்கூடும். வேகமாக வளரும் புற்றுக்கு ஆறு மாதம் என்பது நீண்ட காலம். படத்தோடு பெண்ணின் வரலாறும் சேர்ந்து வாசிக்கப்பட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒட்டுமொத்தத் துல்லியம் எவ்வளவு? அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் பல மையங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2004இல் 'ஜாமா' இதழில் வந்தது. 821 பெண்கள், எல்லோருக்கும் பயாப்சி தேவை என்று ஏற்கெனவே முடிவானவர்கள். எம்.ஆர்.ஐ.யின் உணர்திறன் 88.1 சதவீதம், தனித்தன்மை 67.7 சதவீதம். 44 ஆய்வுகளைத் தொகுத்த 2008ஆம் ஆண்டின் மதிப்பாய்வு 90, 72 என்ற அளவைத் தந்தது. இந்த இரண்டாவது இணையை எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரம் சந்தேகக் கட்டிகளில் 500 புற்று என்று வைத்தால், எம்.ஆர்.ஐ. 450ஐப் பிடிக்கும், 140 பேரைத் தவறாகச் சந்தேகிக்கும். 'புற்றுபோல் இருக்கிறது' என்று அது சொன்னவர்களில் நான்கில் மூன்று பேருக்கு அது உண்மை. அதே கருவியை எந்தக் குறையும் இல்லாத ஆயிரம் பெண்களிடம், அவர்களில் 10 பேருக்குப் புற்று என்று வைத்துப் பயன்படுத்தினால் 9 பேரைப் பிடித்து 277 பேரைத் தவறாகச் சந்தேகிக்கும். நூற்றில் மூன்றுதான் உண்மை. கருவி ஒன்று, வாசிப்பவர் ஒருவர், ஆனால் பதிலின் பொருள் தலைகீழ். 'எம்.ஆர்.ஐ. எத்தனை சதவீதம் சரி டாக்டர்?' என்று கேட்பவருக்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுவே.

நடைமுறையில் நல்ல மையங்களின் முடிவுகள் இந்தக் கணக்கைவிட மேல். நெதர்லாந்தின் 'டென்ஸ்' ஆய்வு (2019) மிக அடர்ந்த மார்பகம் கொண்ட, மேமோகிராமில் குறையில்லாத 40,373 பெண்களை எடுத்துக்கொண்டு ஒரு பகுதியினரை எம்.ஆர்.ஐ.க்கு அழைத்தது. அழைக்கப்பட்ட குழுவில் இரண்டு பரிசோதனைகளுக்கு இடையே தலைகாட்டும் புற்றுகள் ஆயிரத்துக்கு 2.5, மற்றக் குழுவில் 5.0. சரிபாதி. முதல் சுற்றில் ஏறத்தாழ 8 சதவீதம் பேர் தேவையில்லாமல் திரும்ப அழைக்கப்பட்டார்கள், எடுத்த பயாப்சிகளில் 26 சதவீதம் புற்று. இரண்டாம் சுற்றில், ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய படம் கையில் இருந்ததால், தவறான அழைப்பு 3 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. தீங்கற்றதைத் தீங்கற்றது என்று சொல்ல, இரண்டு ஆண்டுகளாக மாறாத ஒரு பழைய படத்தைப்போல் உதவுவது குறைவு. இதை நினைத்து நம் பெண்கள் பழைய சி.டி.யையும் ஃபிலிமையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் கேட்காமலே எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

தனித்தன்மையைக் கூட்ட மூன்று முயற்சிகள் பயன் தந்திருக்கின்றன. ஒன்று, வாசிப்பை ஒழுங்குபடுத்துவது. பாஸ்கல் பால்ட்ஸர் குழு 2013இல், ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டிகளை வைத்து ஒரு முடிவுமரத்தை உருவாக்கியது. முன்னோடியின் நினைவாகக் கைசர் ஸ்கோர் என்று பெயர் பெற்ற அது, கூர்க்கோடு உண்டா என்ற கேள்வியில் தொடங்கி, வளைகோடு, விளிம்பு, உள்ளொளிர்வு, சுற்றியுள்ள நீர்க்கோவை என்று போய் 1 முதல் 11 வரை ஒரு எண்ணைத் தருகிறது. 4 வரை பெரும்பாலும் தீங்கற்றது, 5 முதல் பயாப்சி. அனுபவம் குறைந்தவரின் கையிலும் இது நிலையாக வேலை செய்கிறது என்பதே இதன் பெருமை. முதல் கேள்வி வடிவத்தைப் பற்றியது என்பதையும் கவனியுங்கள். இரண்டாவது, டிஃப்யூஷன். நீர் மூலக்கூறுகள் திசுவுக்குள் எவ்வளவு தடையின்றி அலைகின்றன என்பதை ஊசியில்லாமலே அளப்பது. செல்கள் நெருங்கிய புற்றில் நீரின் நடமாட்டம் குறையும், ஏ.டி.சி. என்ற எண்ணும் குறையும். அமெரிக்காவில் பல மையங்களில் நடந்த ஏ6702 ஆய்வு (2019), இந்த எண்ணைச் சேர்த்துக்கொண்டால் ஒரு புற்றையும் விடாமல் ஐந்தில் ஒரு பங்கு பயாப்சியைத் தவிர்க்கலாம் என்று காட்டியது. ஆனால் மியூசினஸ் புற்று இங்கேயும் தப்பும், அதற்குள் நீர் தாராளமாக அலைவதால். மூன்றாவது, நெதர்லாந்தின் ரிட்ஸே மான் போன்றவர்கள் முன்னெடுத்த அதிவேகப் படமெடுப்பு: மருந்து வந்துசேரும் முதல் ஒன்றரை நிமிடத்தைச் சில நொடிகளுக்கு ஒன்றாகப் பிடித்து, ஏற்றத்தின் சரிவை அளப்பது. செயற்கை நுண்ணறிவு பற்றி ஆய்வுத்தாள்கள் குவிகின்றன. பெரும்பாலானவை ஒரே மையத்தின் படங்களில் பயின்று அங்கேயே சோதிக்கப்பட்டவை. வேறு ஊரின் கருவியில், வேறு பெண்களிடம் நிரூபித்துக் காட்டும்வரை அவற்றை நம்பி எந்தப் பயாப்சியையும் கைவிடத் தேவையில்லை.

எங்கே எம்.ஆர்.ஐ.யைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கையில் தட்டுப்படும் கட்டி, மேமோகிராமிலோ அல்ட்ராசவுண்டிலோ சந்தேகமாகத் தெரிகிறதென்றால், அடுத்த படி மரப்பூசி போட்டு எடுக்கும் கோர் பயாப்சி. அதற்குப் பதிலாக 'முதலில் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்போம்' என்பது பல ஆயிரம் ரூபாயையும் சில வாரங்களையும் விழுங்கிவிட்டுக் கடைசியில் அதே ஊசியிடம்தான் வந்து நிற்கும். 'ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும்' என்ற பயத்தால் எம்.ஆர்.ஐ.யைக் கேட்டு வாங்கும் குடும்பங்கள் உண்டு. கோர் பயாப்சியால் உயிருக்கு ஆபத்து கூடுவதில்லை என்று அவர்களிடம் பொறுமையாக விளக்கும் கடமை மருத்துவருக்கு உண்டு. மேமோகிராமில் சந்தேகமான சுண்ணாம்புத் துகள்கள் இருக்கையில் எம்.ஆர்.ஐ. ஒளிராததை வைத்து அவற்றை விட்டுவிடவும் கூடாது. அறுவைக்கு முன் எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தால் மறு அறுவை குறையும் என்ற எதிர்பார்ப்பை, 1623 பெண்களிடம் நடந்த பிரிட்டனின் 'காமிஸ்' ஆய்வு (2010) மறுத்தது. எடுத்தவர், எடுக்காதவர் இரு தரப்பிலும் மறு அறுவை 19 சதவீதம்தான்.

மருந்தின் பாதுகாப்பும் கணக்கில் வர வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குக் கடோலினியத்தால் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் கொடிய நோய் வரக்கூடும் என்பது 2006இல் தெரியவந்தது. 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், பலமுறை ஊசி போட்டவர்களின் மூளையில் அதன் தடயம் தங்குவதைக் காட்டினார்கள். அதனால் நோய் வந்ததாக நிரூபணம் இல்லை. என்றாலும் ஐரோப்பிய மருந்து முகமை 2017இல் நேர்ச்சங்கிலி அமைப்புள்ள மருந்துகள் பலவற்றை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது, ஹேவாங் பயன்படுத்திய முதல் மருந்து உட்பட. இன்று வளைய அமைப்புள்ள மருந்துகளே பொருத்தம். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம்.

நம் நாட்டில் 2022இல் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்று வந்தது என்பது குளோபோகான் மதிப்பீடு. பெருந்திரளுக்கு எம்.ஆர்.ஐ. இங்கே தீர்வாகாது. மும்பை டாடா மெமோரியல், ஒன்றரை லட்சம் பெண்களிடம் இருபது ஆண்டு நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் சோதிப்பதே ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்று மரணத்தை ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்தது. எம்.ஆர்.ஐ.க்கு இங்கே உரிய இடம் குறுகியது, ஆனால் தெளிவானது: பிஆர்சிஏ மாற்றம் உள்ளவர்கள், அக்குளில் புற்று தெரிந்தும் மார்பகத்தில் எதுவும் தெரியாதவர்கள், மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் முரண்படுபவர்கள், அறுவைக்கு முன் கீமோ எடுப்பவர்கள்.

இந்தக் குறுகிய இடத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் மட்டும் தெரியும் கட்டியை யார் குத்தி எடுப்பது? முதலில் அதே இடத்தில் மறுபடி அல்ட்ராசவுண்ட் பார்ப்பார்கள், பாதிக்கு மேல் அதில் கிடைத்துவிடும். கிடைக்காதவற்றுக்கு எம்.ஆர்.ஐ.க்குள்ளேயே ஊசி செலுத்தும் வசதி வேண்டும். அது வெகு சில மையங்களில்தான் உண்டு. மற்ற இடங்களில் 'பை-ராட்ஸ் 4', அதாவது சந்தேகத்துக்குரியது, என்ற ரிப்போர்ட்டோடு பெண் வீட்டுக்குப் போகிறார், ஆறு மாதம் தூங்காமல் இருக்கிறார். எம்.ஆர்.ஐ. எடுக்கும் மையம், தான் கண்டதை எங்கே பயாப்சி எடுக்கலாம் என்பதையும் ரிப்போர்ட்டோடு சேர்த்துச் சொல்ல ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். பயாப்சி முடிவு வந்தபிறகும் ரேடியாலஜிஸ்ட்டின் வேலை முடிவதில்லை. கூர்க்கோட்டு விளிம்பும் இறங்கும் வளைகோடும் கொண்ட ஒரு கட்டியிலிருந்து எடுத்த திசுவில் 'சாதாரண நார்த்திசு' என்று பதில் வந்தால், ஊசி கட்டியைத் தொடவில்லை என்றே முதலில் எண்ண வேண்டும். படங்களையும் ஸ்லைடையும் ரேடியாலஜிஸ்ட்டும் பேத்தாலஜிஸ்ட்டும் அருகருகே உட்கார்ந்து பார்த்து, இரண்டும் பொருந்தவில்லை என்றால் அந்தப் பெண்ணைத் திரும்ப அழைத்து மறுபடி திசு எடுக்க வேண்டும்.